உன்னிலிருந்து என்னைக் கழித்தால்

ஆல்வின்,

நீ அனுப்பிய குழாய் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கும் மிளகு டப்பாவுக்கும் நடுவில் நிற்கிறது. மேசையைத் துடைக்கும்போது தூக்கிக் கையில் வைத்துக்கொள்கிறேன், துடைத்து முடித்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்கிறேன். அதில் கொஞ்சம் எச்சில் துப்பி, மூடியைத் திருகி, நீ அனுப்பிய உறையில் போட்டு கூரியரில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாரக்கணக்காகச் செய்யாமல் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போனில் நீ, "அம்மா, அனுப்பிட்டியா?" என்று கேட்கிறாய். நான் மழை என்கிறேன், கூரியர் கடை பூட்டியிருக்கிறது என்கிறேன், கேம்ப் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் என்கிறேன். தண்ணீர் வடிந்து ரொம்ப நாளாகிறது. அது உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே முடி நரைத்தவள் நான். மணிக்கணக்கில் ஒரே நாற்காலியில் அசையாமல் உட்காருவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இப்போது ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்ததிலிருந்து எத்தனை தடவை எழுந்தேனோ. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க எழுந்தேன். கொசு மருந்துப் புகை வண்டி வந்தது, ஜன்னலைச் சாத்த எழுந்தேன். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று மொட்டை மாடியை உரசுவதுபோல் போனது. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம், அதற்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். கால் நிற்கமாட்டேன் என்கிறது. போனில் உன்னிடம் பேசினால் நீ "சரி சரிம்மா" என்று வெட்டிவிடுகிறாய். எழுதினால் நடுவில் வெட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காபி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். என்மேல் உனக்கு அதில் கோபம் இருக்கிறது. உன் ஐதராபாத் லேபிலிருந்து குழாய்கள் வந்தபோது, அப்பாவின் நினைவு ஜெபம் நெருங்கிக்கொண்டிருந்தது. உன் கிரேஸ் அத்தை பல்லாவரத்திலிருந்து தன் இரண்டு பையன்களோடு வருவாள். அப்பாவின் இரத்த உறவில் உன்னைத் தவிர மிச்சமிருப்பது அவர்கள்தான். ஜெபம் முடிந்ததும் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் எச்சில் வாங்கிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். துப்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நீ போனிலும் சொன்னாய், பெட்டிமேலும் எழுதியிருந்தது. நான் படித்தேன், தலையையும் ஆட்டினேன். ஆனால் கிரேஸ் மழையில் நனைந்து, கையில் ஒரு முழம் சாமந்தியோடு வாசலில் நிற்கிறாள். வீட்டுக்கு வந்தவளை, அதுவும் அண்ணன் நினைவு நாளுக்கு வந்தவளை, காபி கொடுக்காமல் எப்படியடா உட்கார வைப்பது? கை தானாகப் பாலை அடுப்பில் வைத்துவிட்டது. ஜெபம், பாட்டு, மறுபடியும் ஒரு சுற்றுக் காபி, அதற்குப் பிறகு வரிசையாகத் துப்பினார்கள். உங்கள் லேபில் குழாயைத் திறந்தவர், "சார், உங்க குடும்பத்து மரபணுவுல டிகாஷன் தூக்கலா இருக்கு" என்றாராமே. நீ அதைச் சிரிக்காமல் சொன்னாய். நான் தனியாக இருக்கும்போது சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. குழாயோடு வந்த தாளில் 'இனம்' என்று ஒரு கட்டம். கிரேஸின் மூத்தவன் "இந்தியன்னு போடலாம்" என்றான். சின்னவன் "திராவிடன்னு போடுண்ணா" என்றான். கிரேஸ், "கிறிஸ்டியன்னு போடுங்கடா, அதுல என்ன வெக்கம்?" என்றாள். அது மதம், இனம் இல்லை என்று பெரியவன் சொல்ல, "அப்ப இனம்னா சாதியா? அதை எதுக்கு ஐதராபாத்துல கேக்கறாங்க?" என்று அவள் முகம் மாறிவிட்டது. கடைசியில் உனக்குப் போன் போட்டோம். நீ 'தெற்காசியர்' என்று எழுதச் சொன்னாய். இலங்கையிலிருந்து டெல்லி தாண்டி லாகூர்வரைக்கும் எல்லாரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிட்டார்கள்.

நான் கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, இவர் கிண்டி, இவர் எக்மோர், இவர் செங்கல்பட்டு என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்வேன். கோட்டுப் போட்டவர் பழவந்தாங்கலில் இறங்குவார். கைலி கட்டியவர் முதல் வகுப்பு சீசன் டிக்கெட் கேட்பார். பாதிக்குமேல் தப்பாகப் போனதும் விளையாட்டை விட்டுவிட்டேன். உன் கட்டத்தைப் பார்த்தபோது அந்த ஞாபகம்தான் வந்தது. கட்டமும் அந்த மாதிரி ஊகம்தான் என்று நீயும் ஒப்புக்கொண்டாய். நம் ஊரில் ஒரே தெருவில் இருப்பவர்கள்கூட, தலைமுறை தலைமுறையாக அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டதால், இரத்தத்தில் ஒருவருக்கொருவர் வெகுதூரம் இருக்கலாம் என்றாய். கட்டம் ஒரு வசதிக்குத்தான், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றாய். அது எனக்குப் புரிந்தது. என் மகன் சொல்வது எனக்குப் புரிகிறதே என்று பெருமையாகவும் இருந்தது.

பெருமைக்கு நடுவில் வயிற்றெரிச்சலும் உண்டு, அதையும் சொல்கிறேன். மீன்கார லட்சுமியை உனக்குத் தெரியும். கொரோனா வந்த அந்த வருஷம் முழுக்க அவள் புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மூக்குக்குக் கீழே மாஸ்க், பின்னால் இடித்துக்கொண்டு உட்காரும் சனம். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வந்தது. "இன்னாக்கா பண்றது, கஞ்சியக் குடிச்சிக்கினு படுத்துக்கினு இருந்தோம், ஒரு வாரத்துல எய்ந்துட்டோம்" என்பாள். போன வாரம் மேசைமேல் இருந்த குழாயைப் பார்த்துவிட்டு, "இது இன்னாக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். "எச்சிய போய் ஐதராபாத்துக்கு அனுப்புவாங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "எங்கூட்டுது ஒண்ணும் வாணாமா? நாங்க எப்டி பொயச்சோம்னு பாக்கட்டுமே" என்றாள். அவள் கேட்டது விளையாட்டாகத்தான். நான் வஞ்சிர மீனைத் தராசிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவளும் நானும் அந்தக் கட்டத்தில் ஒரே வார்த்தையைத்தான் எழுத வேண்டும். அவள் புருஷன் இன்றைக்கும் ஆட்டோ ஓட்டுகிறார். உங்க அப்பா ஏன் இல்லை? இந்தக் கேள்விக்காகத்தானே நீ நல்ல சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு அந்த லேபில் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்.

உங்க அப்பாவைக் கேட்டிருந்தால் இந்த ஆராய்ச்சியையே ஒரு ரசக் கரண்டியால் முடித்திருப்பார். சேலையூர் இன்வெர்ட்டர் கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வைத்தியம் சொல்வார். "நம்ம ரத்தம் மிளகு ரசத்துல ஊறின ரத்தம். வெள்ளைக்காரன் உடம்பு வேற, நம்ம உடம்பு வேற. வாசனைக்கே ஓடிடும்" என்பார். முதல் அலையில் ஒன்றும் ஆகாமல் போனதும் அந்தப் பேச்சு இன்னும் கொழுத்துவிட்டது. அவர் மட்டுமா, ஊரே அப்படித்தான் பேசியது. நாம் வேறு, நமக்கு வராது என்று. உடம்பு வேறு வேறுதான் என்பது சரி, ஆனால் எந்தப் பக்கம் வேறு என்பதில்தான் அவர் தப்பு செய்தார் என்று நீ ஒரு நாள் சொன்னாய். மூன்றாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இப்போது பூமியில் இல்லாத நியண்டர்தால் மனிதர்களோடு நம் முன்னோர்கள் கலந்தபோது வந்து ஒட்டிக்கொண்டது. அது உள்ளவர்களுக்கு இந்த நோய் வந்தால் நுரையீரலில் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். நம் பக்கத்து ஜனங்களில் அது நிறையப் பேருக்கு உண்டு. கிழக்கே சீனா பக்கம் போனால் அபூர்வம், ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நீ இதைச் சொன்னபோது, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற அவர் பரம்பரையில் அப்படி ஒரு ஆள் இருந்திருப்பார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ சத்தமாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் நாலு கேள்வி கேட்டேன்.

ஆனால் அது ஒன்றே காரணம் இல்லை என்றும் நீதான் சொன்னாய். வயசு உண்டு, சர்க்கரை உண்டு, ஆக்ஸிஜன் படுக்கை எப்போது கிடைத்தது என்பது உண்டு, உள்ளே எவ்வளவு கிருமி போனது என்பது உண்டு. துண்டு இருந்தும் பிழைத்தவர்கள்தான் அதிகம், துண்டு இல்லாமல் போனவர்களும் உண்டு. இதையெல்லாம் மற்றவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறாய். உனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளமாட்டேன் என்கிறாய்.

காபி குடித்துக் கெட்டுப்போனதற்குப் பதிலாக கிரேஸிடம் திரும்ப எச்சில் வாங்க நான் பல்லாவரம் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டம். பழைய மின்விசிறி, செடித்தொட்டி, கோழிக் கூண்டு எல்லாவற்றையும் தாண்டி அவள் வீட்டுக்குப் போகவே நேரமாகிவிட்டது. உன் அத்தை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் போதும் என்றால் கேட்கவில்லை. துப்பி மூடியதும் குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எங்க அப்பாவும் மூச்சு முட்டித்தான் போனாரு அண்ணி. எங்க ரத்தத்துலயே இருந்திருக்கும், இல்ல?" என்றாள். உங்க அப்பா சிகரெட்டை ஊதித் தள்ளிப் போனார் கிரேஸ் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவள் குழாயை விடவில்லை. "இதுல இருக்குன்னு வந்துட்டா, ஆல்வின்மேல தப்பு இல்லன்னு ஆயிடுமா அண்ணி?" என்று கேட்டாள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் அவள் சொன்னதை நீயும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. அத்தனை பேர் உள்ளே போகக் கூடாது என்று தடுத்திருந்தார்கள். நீ வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாய். "பெங்களூர்லேர்ந்து கொண்டாந்து குடுத்துட்டியேடா" என்று இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலறினாள். அண்ணனைப் பறிகொடுத்தவள், வாயில் வந்தது. அதற்குப் பிறகு எப்போதுமே அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பெங்களூர் வேலையை விட்டாய், ஐதராபாத் போனாய், கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொண்டாய், கிறிஸ்துமஸுக்கு என்னை அங்கே வரவழைக்கிறாய். நினைவு ஜெபத்தில் போன் திரையில் வந்து தலை குனிந்து நிற்கிறாய். இந்த வீட்டு வாசற்படியை மட்டும் மிதிக்கமாட்டேன் என்கிறாய். கிரேஸ் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவள் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள இடம் தேடுகிறாள். நீ அதே குழாய்க்குள் உனக்கு ஒரு விடுதலை தேடுகிறாய். பாவம், என்றைக்கோ செத்துப்போன நியண்டர்தால் மனிதன்மேல் இரண்டு பேரும் சேர்ந்து பழியைப் போடப் பார்க்கிறீர்கள்.

சொல்லு, நான் சொல்வது பொய்யா? பொய் என்றால் போன் போட்டுச் சண்டை போடு. சண்டை போட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

என் எச்சில் ஏன் வேண்டும் என்று கேட்டேனே, அன்றைக்குத்தான் எனக்குக் கால் தரிக்காமல் போனது. அப்பாவின் இரத்தம் இனிக் கிடைக்காது, அதனால் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றாய். "ஒவ்வொருத்தருக்கும் அம்மாகிட்டேர்ந்து பாதி, அப்பாகிட்டேர்ந்து பாதிம்மா. என்கிட்டேர்ந்து உன்னுதைக் கழிச்சா, மிச்சம் அப்பா" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். பிறகு அதே குரலில், "என்கிட்ட அந்தத் துண்டு ஒண்ணு இருக்கும்மா. உன்கிட்ட இல்லைன்னா அது அப்பா குடுத்தது" என்றாய். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. உன்னிடம் இருக்கிறது என்பதை இப்படி, இட்லி மாவு இருக்கிறது என்பதுபோல் சொல்லுவாயா? உன்னிலிருந்து என்னைக் கழித்தால் மிச்சம் அப்பா என்கிறாயே, நான் உன்னை எதிலிருந்தடா கழிப்பேன்?

அதிலிருந்து படுத்தால் கணக்கு, எழுந்தால் கணக்கு. என் எச்சிலில் அது இல்லை என்று வந்தால், அது அப்பாவிடம் இருந்தது என்று ஆகிறது. அவர் உடம்பிலேயே இருந்தது, நான் என்ன செய்ய முடியும் என்று நீ ஃபைலை மூடி வைத்துவிடுவாய். கேள்வி முடிந்தது, வீட்டுக்கு எதற்கு வர வேண்டும் என்று அங்கேயே இருந்துவிடுவாய். இருக்கிறது என்று வந்தால், உன்னிடம் உள்ளது என்னிடமிருந்துகூட வந்திருக்கலாம், அப்பாவைப் பற்றி ஒன்றும் நிச்சயமில்லை. அப்போது உனக்குப் பிடித்துக்கொள்ள இருந்த கொம்பும் முறிந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம். இதுதான் நான் கூரியருக்குப் போகாத காரணம். மழையும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் மாவி உண்டாகியிருக்கிறாள். என் மருமகளோடு எனக்கு இருக்கிற பாஷை அரைகுறை இங்கிலீஷும் சர்ச் பாட்டும்தான், ஆனால் அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. அவளும் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. நீ தூங்குவதில்லை என்று அவள்தான் சொன்னாள். பிள்ளைக்கும் அந்தத் துண்டு போகுமா என்று நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயாம். போகலாம், போகாமலும் இருக்கலாம், பூவா தலையாதான், மிசோரத்தில் அவளுடைய ஜனங்களிடம் அது அபூர்வம் என்று அவளே எனக்குத் தேறுதல் சொன்னாள். இதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது. அந்த வருஷத்தில் அவள் அரிசி வாங்கக் கடைக்குப் போனால், அவள் கண்ணையும் முகத்தையும் பார்த்துவிட்டு, 'கொரோனா, கொரோனா' என்று தெருவில் கத்தினார்களாம். கத்தியவர்களின் உடம்பில்தான் அந்தத் துண்டு இருந்திருக்கும், அவள் உடம்பில் இருந்திருக்காது. முகத்தைப் பார்த்துப் பழி போட்டார்கள், என் கவுண்டர் விளையாட்டுப்போல. அது விளையாட்டு, இது அநியாயம். அவள் அதைச் சொல்லிவிட்டு, "பரவால்லம்மா, அவங்களும் பயந்துதான் கத்தினாங்க" என்று உன்னிடம் கற்றுக்கொண்ட நாலு வார்த்தைத் தமிழில் சொன்னாள். அவளால் அந்தத் தெருவுக்குத் திரும்பப் போய் அரிசி வாங்க முடிகிறது. உன்னால் உன் சொந்த வீட்டுக்கு வர முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி. நானும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்தத் துண்டு என்ன சொன்னாலும், கதவைத் திறந்தது யார் என்று சொல்லாது. உள்ளே வந்த பிறகு எவ்வளவு அடித்தது என்பதில்தான் அதற்குப் பங்கு. யார் கொண்டு வந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்க அப்பா அந்த வாரம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்துக்கொண்டு பேட்டரிக்கு ஆள் வந்தால் விற்றுக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரார் கைபட்ட ரூபாய் நோட்டையெல்லாம் எண்ணினேன். நீ பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தாய். மூன்று பேருக்கும் அடுத்தடுத்து தொண்டை கரகரத்தது. இதில் யார் முதல் என்று எந்த லேபால் சொல்ல முடியும்? நீயாக இருக்கலாம். இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், நீ படித்தவன், நம்பமாட்டாய். நீயாகவே இருக்கட்டும். இருந்தால் என்ன?

உன்னை வரச் சொன்னது யார்? படப்பை ரோட்டில் வண்டியை நிறுத்தி ஒரு கூடை பங்கனபள்ளி வாங்கிக்கொண்டு வந்து, போனை எடுத்து, "டேய், பழம் வந்திருக்கு. உங்க அம்மா எனக்கு சுகர்னு ஒண்ணுதான் தருவா. நீ வந்தீன்னா உன் பேரைச் சொல்லி நாலு சாப்பிடுவேன், வாடா" என்று கூப்பிட்டது அவர்தான். நீ வந்து இறங்கியபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டையைச் சப்பிக்கொண்டு, என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததையும் பார்த்தேன். அவர் வாழ்ந்த கடைசி நல்ல நாள் அது. அதை அவருக்குக் கொடுத்தது நீ. வராமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்னவோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அவரிடம் இப்போது கேட்டால், வாடா என்றுதான் மறுபடியும் சொல்லுவார். அவரோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், இதற்கு எச்சில் பரிசோதனை வேண்டாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று நீ கேட்கவே இல்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. அப்பா போனதற்கு உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை ஆல்வின். அதற்குப் பிறகு வராமலிருக்கிறாயே, அதற்கு இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஒரே மாதத்தில் புருஷனும் பிள்ளையும் போனால் ஒருத்தி என்ன செய்வாள்? எனக்கும் அதே காய்ச்சல் வந்து, ரசத்தில் மிளகு வாசனைகூடத் தெரியாமல் நான் இந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. எதிர் நாற்காலியில் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு நீ எதைக் கொடுக்கப்போகிறாய் என்று கவலைப்படுகிறாய். அந்தத் துண்டு போனால் போகட்டும், தடுப்பூசி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நீயே கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பாய். உன்னால் நிறுத்த முடியாததைப் பற்றி யோசித்தது போதும். நிறுத்த முடிந்த ஒன்று இருக்கிறது. தன் வீட்டு வாசலுக்குப் போகப் பயப்படும் அப்பாவாக அந்தப் பிள்ளைக்கு நீ தெரியக் கூடாது. அது தொற்றும். அதற்கு எந்த ஊரில் ஊசி போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில் எழுந்ததும் காபி போடவில்லை. லட்சுமி மீன் கூடையோடு வந்து, "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள். ஒன்றுமில்லை, காபி குடிக்கவில்லை என்றேன். அன்றைக்கு விட்டுவிட்டுப் போன வஞ்சிரத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல இன்றைக்குப் பேரம் பேசாமல் வாங்கினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மேசையில் உட்கார்ந்து, நீ சொன்னபடி கோடுவரைக்கும் துப்பினேன். மூடியைத் திருகினேன். குலுக்கச் சொன்னாய், குலுக்கினேன். ஒரு சொட்டுப் பாலும் சர்க்கரையும் இல்லாத சுத்தமான எச்சில். 'இனம்' என்ற கட்டத்தில் தெற்காசியர் என்று எழுதி, பக்கத்தில் இடம் இருந்ததால் 'ஆல்வினின் அம்மா' என்றும் எழுதியிருக்கிறேன். உங்கள் லேபில் அடித்துவிட்டால் அடித்துவிடட்டும்.

அதைக் கூரியரில் போடப்போவதில்லை. ஐதராபாத்திலிருந்து சாயங்காலம் கிளம்பும் ரயில் இப்போது எக்மோரோடு நிற்காமல் தாம்பரத்துக்கே வருகிறது, உனக்குத் தெரியாதது இல்லை. உனக்கும் மாவிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். போனில் போடத் தெரியாமல் இல்லை. என் பழைய கவுண்டருக்குப் போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வாங்கினேன். மாவிக்குக் கீழ் பெர்த், அவள் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுத்தேன். டிக்கெட்டைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்பியாகிவிட்டது, அவள் பெட்டி கட்டவும் ஆரம்பித்துவிட்டாள். கிரேஸிடம் சொல்லிவிட்டேன், அவளும் வருகிறாள். அவள் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம். சொல்லட்டும், நீ தடுக்காதே.

ரயில் வந்து சேரும் அன்று காலையில் பிளாட்பாரத்தில் நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் குழாயை நீயே மேசையிலிருந்து எடுத்துக்கொள், எதிலிருந்து எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள். ஆனால் முதலில் காபி.

உன் அம்மா